ரிமோட் பிடித்த கை

ஓசூரில் நாங்கள் குடியிருந்தது ஒரே அறையும் சமையல்கட்டும் கொண்ட வாடகை வீடு. எனக்குத் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, சாப்பிட்டுப் படுத்தால் சாயங்காலம் வரை தூக்கம். அதே அறையில்தான் டிவியும் இருந்தது. பகலெல்லாம் என் மனைவிக்கு அது ஒன்றுதான் துணை.

கல்யாணமான புதிதில் பெரிய தொல்லை. நாடகத்தில் மாமியாரும் மருமகளும் கிசுகிசுத்துக்கொண்டிருப்பார்கள். திடீரென்று சோப்பு விளம்பரம் வந்து அறையே அதிரும். ஒரு சேனல் முனகும், அடுத்திருக்கும் கன்னடச் சேனல் கத்தும். பதறி எழுந்து எரிந்து விழுவேன். அவள் கட்டைவிரலை ரிமோட்டிலிருந்து எடுக்காமலே நாடகம் பார்க்கப் பழகிக்கொண்டாள். விளம்பரம் வருவதற்கு முன்பே சத்தம் இறங்கிவிடும்.

"எப்படித் தெரியுது உனக்கு?"

"அழுவுறவ மூஞ்சிய கிட்டத்துல காட்டி நிறுத்துவாங்க இல்லீங்களா, அடுத்தது சோப்புதான்."

அதற்குப் பிறகு நான் பகலில் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு மத்தியானம் டிவி அலறியதில் விழித்தேன். இம்முறை அவளே சத்தத்தைக் கூட்டியிருந்தாள். பின்னணி இசைக்கு அடியில் எப்போதும் அமுங்கிப்போகும் செய்தி வாசிப்பவரின் குரல் இப்போது தெளிவாகக் கேட்டது: அணையைத் திறக்கிறார்கள், தென்பெண்ணைக் கரையோரம் இருப்பவர்கள் மேட்டுக்குப் போகவேண்டும். அவளுடைய அப்பாவின் நிலம் காவேரிப்பட்டினத்தில் ஆற்றை ஒட்டியது.

போனில் அவர் சிரித்தார். "இங்க ஒரு தூறலும் இல்லம்மா."

"கர்நாடகாவுல பெய்யுதுப்பா. ஆடுங்கள ஓட்டிக்கினு மேல போ. மோட்டரையும் கழட்டிடு."

"சாயங்காலம் பாத்துக்கலாம்."

"நீ கிளம்புற வரைக்கும் நான் போன வைக்கமாட்டேன்." குரலை உயர்த்தவே இல்லை. அவர் ஆட்டைக் கூப்பிடும் சத்தம் போனில் கேட்ட பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.

பொழுது சாயும்போது தண்ணீர் கரையேறியது. மறு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். மோட்டார் கொட்டகையில் என் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுத் தடம். ஆடுகள் மேட்டில் மேய்ந்துகொண்டிருந்தன. மாமனார் மோட்டாரைத் திரும்ப மாட்டிக்கொண்டே, "புள்ள பிடிவாதக்காரி" என்றார். அவர் குரலில் இருந்த பெருமை எனக்கும் இருந்தது. அவள் அதற்குள் சேற்றைத் தள்ள மண்வெட்டியை எடுத்துவிட்டிருந்தாள்.