ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்

மீன்வளத் துறையையும் வனவிலங்குத் துறையையும் ஒன்றாக்கிவிட்டார்கள் என்ற செய்தி அணைக்கட்டு நிலையத்துக்கு வந்தபோது கண்ணாடி அக்கா மீன் எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணும்போது அவளிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. சேதி சொல்ல வந்த நிலைய அதிகாரி, கையில் சுற்றறிக்கையோடு கதவருகிலேயே கால் மணி நேரம் தவம் கிடந்தார்.

அவள் மூக்குக்கண்ணாடி போடுகிறவள் அல்ல. பெயர் வந்தது அவள் உட்காரும் இடத்தால். அணையின் ஓரமாக, மீன்கள் மேலேறிப் போவதற்கென்று படிப்படியாக ஒரு நீர்வழி கட்டியிருக்கிறார்கள். அதை ஒட்டித் தரைக்குக் கீழே ஒரு சின்ன அறை. அறையின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. முட்டையிட ஆற்றின் மேல்பக்கம் போகிற ஒவ்வொரு மீனும் அந்தக் கண்ணாடியைக் கடந்துதான் போக வேண்டும். போகிற மீனுக்கு ஒரு தட்டு என்று கையிலிருக்கும் கருவியைத் தட்டுவது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாகத் தட்டுகிறாள். இதற்குமா சம்பளம் என்று சிரிப்பவர்கள் ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும், மதியத்துக்குள் தலை கிறுகிறுத்துவிடும்.

அதனால்தான் மணிக்கு ஐம்பது நிமிடம் எண்ணிவிட்டுப் பத்து நிமிடம் கண்ணுக்கு ஓய்வு தரவேண்டும் என்பது விதி. மீன்களுக்கு அந்த விதி தெரியாது. அவை பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். எனவே எண்ணியதோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி எழுதுவாள். ஐந்து மீன் பார்த்தால் ஆறு, ஐம்பது பார்த்தால் அறுபது. கை தானாகவே கூட்டும்.

புது இயக்குநர் வந்ததும் பெயர்ப்பலகை மாறியது, கடிதத்தாள் மாறியது, யாருக்குக் கீழே யார் என்று கட்டம் கட்டமாக ஒரு படம் வந்தது. அதில் நண்டு ஆராய்ச்சிக்காரர்கள் கரடிப் பிரிவு அதிகாரிக்குக் கீழே போயிருந்தார்கள். நிலையமே விழுந்து விழுந்து சிரித்தது. சுற்றறிக்கையின் நான்காம் பக்கத்துக்கு வந்ததும் அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு பருவத்தில் ஐயாயிரம் மீனுக்குக் குறைவாகக் கடக்கும் நிலையங்களில் எண்ணும் பணியிடம் இருக்காது. கேமரா வைப்பார்கள். எண்ணுகிறவர் கடற்கரை அலுவலகத்துக்கு மாற்றப்படுவார்.

கடற்கரை அலுவலகம் ரயிலில் ஒன்பது மணி நேரம். அவள் கணவன் பள்ளி ஆய்வகத்தில் உதவியாளனாக இருந்தவன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபின் வாரம் மூன்று நாள் ஊர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். காலையில் அவனைப் படுக்கையில் சேர்த்துவிட்டு வேலைக்கு வருவாள், மதியம் போய் அழைத்துக்கொள்வாள். கடற்கரை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டாள். மெஷினுக்குக் காத்திருப்பவர் பட்டியலே ஒரு வருஷத்துக்கு நீளும் என்றார்கள். அந்தப் பருவம் முழுக்க ஒவ்வொரு மீனையும் "வாடா ராசா, வா" என்று மனசுக்குள் கெஞ்சிக் கெஞ்சித்தான் எண்ணினாள்.

எண்ணும் பருவம் முடிந்தது. கணினி கூட்டிக் காட்டிய மொத்தம் ஐயாயிரத்து அறுநூற்று நாற்பது. அன்று பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடுவரை அவள் ஓட்டமும் நடையுமாகப் போனாள். கணவன் அவள் கையைப் பிடித்து வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தான்.

பத்து நாள் கழித்துத் தலைமை அலுவலகச் செய்தி மடல் வந்தது. முதல் பக்கத்தில் இயக்குநர் சிரித்துக்கொண்டிருந்தார். 'புதிய தலைமை, பெருகும் மீன்வளம்.' எண்ணிக்கை உயர்ந்ததால் இந்த ஆண்டு மீன்பிடிக்கும் காலம் இரண்டு வாரம் நீட்டிக்கப்படும். நிலைய அதிகாரி மண்டலத் தலைவராகிறார் என்று இன்னொரு கட்டம். கடைசியில் மணிவாரியாக அவளுடைய எண்ணிக்கை அட்டவணை.

பருவத்தின் முதல் நாள், முதல் மணி. அதை அவளால் மறக்க முடியாது. ஐந்தே ஐந்து மீன். ஆறு என்று போட்டாள். அட்டவணையில் ஏழு என்று இருந்தது. அடுத்த மணியில் ஐம்பது பார்த்து அறுபது போட்டிருந்தாள். அங்கே எழுபத்திரண்டு இருந்தது.

அவளுக்கு விளங்கிவிட்டது. இணைப்புக்குப் பிறகு வந்த புதுக் கணினிப் படிவம் ஐந்தில் ஒரு பங்கைத் தானே கூட்டிக்கொள்கிறது. அவளிடம் யாரும் சொல்லவில்லை. கை பழக்கத்தில் அவளும் கூட்டியிருக்கிறாள். ஓய்வு நேரத்து மீன்கள் இரண்டு தரம் ஆற்றில் ஏறியிருக்கின்றன. காகிதத்தில் கணக்குப் போட்டாள். நாலாயிரத்து எழுநூறு. திரும்பத் திரும்பப் போட்டாள், நாலாயிரத்து எழுநூறுதான்.

நிலைய அதிகாரியிடம் ஓடினாள். அவர் காகிதத்தைப் பார்த்தார், கதவைச் சாத்தினார்.

"அக்கா, இது எனக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிஞ்சா போதும்."

"சார், அந்த ரெண்டு வாரத்துல வர்றதெல்லாம் சினை மீனு. நாம எண்ணி முடிச்சப்புறம் வர்ற கடைசிக் கூட்டம். அதைப் புடிச்சுட்டா அடுத்த வருஷம் எதை எண்ணுறது?"

"உங்க வீட்டுக்காரரை நெனச்சுப் பாத்தீங்களா?"

"அவரைத் தவிர வேற எதையும் நான் நெனைக்கல சார்."

"அப்ப பேசாம இருங்க. உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. மீனு என்ன, மனுவா குடுக்கப் போகுது?"

நாலு நாள் அவள் சோறும் இறங்காமல் கிடந்தாள். கணவன் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றாள். நிலைய அதிகாரி மேல் கோபம், இயக்குநர் மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேல் தன் கை மேல் கோபம்.

வெள்ளிக்கிழமை காணொளிக் கூட்டம். திரையில் கட்டம் கட்டமாக எல்லா நிலையத்தாரின் முகங்களும். இயக்குநர் புதிய பொறுப்பாளர்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்துவிட்டு, "யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார். யாரும் சொல்லமாட்டார்கள் என்று அவருக்கே தெரியும். கண்ணாடி அக்கா எழுந்து நின்றாள். நிலைய அதிகாரி மேசைக்கடியில் அவள் காலை மிதித்தார். அவள் சொல்லிவிட்டாள். தப்பு தன்னுடையது என்றும் சொன்னாள், படிவம் மாறியதை யாரும் தெரிவிக்கவில்லை என்றும் சொன்னாள், சரியான எண் இதுதான், பிடிக்கும் காலத்தை நீட்டாதீர்கள் என்றும் சொன்னாள்.

இயக்குநர் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார். பிறகு, "இந்த மாதிரி நேர்மையானவங்கதான் நமக்கு வேணும்" என்றார். எல்லா நிலையங்களும் கைதட்டின.

செவ்வாய்க்கிழமை திருத்த ஆணை வந்தது. ஒன்று: அணைக்கட்டு நிலைய எண்ணிக்கை நாலாயிரத்து எழுநூறு எனத் திருத்தப்படுகிறது. இரண்டு: விதிப்படி எண்ணும் பணியிடம் நீக்கப்படுகிறது, பணியாளர் மாத இறுதியில் கடற்கரை அலுவலகத்தில் சேர வேண்டும். மூன்று: மீன்பிடிக்கும் கால நீட்டிப்பு ஏற்கெனவே அறிவிக்கப்பட்டுவிட்டதால் அதில் மாற்றமில்லை.

அவள் அந்தக் காகிதத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கணவன் மெதுவாகப் படித்தான். வெள்ளிக்கிழமை நடந்ததை அப்போதுதான் அவனிடம் முழுக்கச் சொன்னாள்.

"நாலு நாளா இதைத்தான் மென்னு முழுங்கிட்டிருந்தியா?"

"ஆமாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன்," என்றான். "காலைப் புடிச்சுக் கெஞ்சியிருப்பேன்."

"நீங்க கெஞ்சியிருந்தா நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். அதனாலதான் கேக்கல."

அவன் காகிதத்தை மடித்து அவள் பக்கமாகத் தள்ளினான். கோபப்பட்டுக் கத்துவான் என்று காத்திருந்தாள். கத்தியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவன் எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனான்.

மறுநாள் டயாலிசிஸ் நாள். காலையில் அவள் பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். அவன் பையை அவள் கையிலிருந்து வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

"நீ வேலைக்குப் போ. இனிமே நான் தனியாத்தானே போகணும்? இன்னையிலேருந்தே பழகிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினான்.