தீக்குச்சிக் காவல்

காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, தரையில் கிடக்கும் அடிமரத்தின் மேல் மெல்ல நகர்த்திக்கொண்டு போகிறார் செக்கர். பழைய ஸ்பீக்கரைப் பிளந்து எடுத்த காந்தம் அது. ஓரிடத்தில் லேசாக இழுத்தால் போதும், அங்கே சாக்கட்டியால் வட்டம் போட்டுவிடுவார். இழுக்காத இடத்திலும் சில சமயம் வட்டம் விழும். "இழுக்கலைன்னா இல்லைன்னு அர்த்தமா? உள்ள பதுங்கியிருக்கும்" என்பார். மரத்தைக் கொண்டுவந்து இறக்கிய வண்டிக்காரர் பக்கத்தில் நின்று நெளிகிறார்.

"ஐயா, சத்தியமா இதுல ஆணி கிடையாதுங்க. வீட்டுக் கொல்லையில நின்ன மரம்."

"சத்தியம் பண்றவனைத்தான் நான் மொதல்ல பஸ்ஸை விட்டு எறக்குவேன்."

செக்கர் என்பது அவர் பார்த்த வேலை. நடுவழியில் பஸ்ஸில் ஏறி டிக்கெட் கேட்கிறவர். ஜன்னலுக்கு வெளியே ரொம்ப ரசித்துப் பார்க்கிறவன், தூங்குவது போலத் தலையைத் தொங்கப்போட்டவன், கேட்கும் முன்பே டிக்கெட்டை நீட்டுகிறவன், எல்லோர் மேலும் அவருக்கு ஒரே மாதிரி சந்தேகம்தான். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். சந்தேகம் இன்னும் டூட்டியில் இருக்கிறது.

மரத்தில் ஆணியைத் தேடுவதைக் குறை சொல்ல முடியாது. விளம்பரப் பலகை மாட்ட யாரோ என்றைக்கோ அடித்த ஆணியை மரம் மூடி வளர்ந்துவிடும். ரம்பத்தின் சங்கிலி அதில் பட்டால் பல் மொத்தமும் போச்சு. ஆனால் செக்கர் வீட்டிலேயே மரம் அறுக்கத் தொடங்கிய காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். "மில்லுல நம்ம மரத்தைக் குடுத்துட்டு டீ குடிக்கப் போனோம்னு வைங்க, திரும்பி வந்தா வேற மரம் பலகையா நிக்கும். நாமளும் தலையை ஆட்டிட்டு வாங்கிட்டு வரணும்."

ஆகவே கொல்லைப்புறமே அவருக்கு மில். மரத்தின் முதுகில் அலுமினிய ஏணியைப் படுக்கவைத்து இறுக்குவார். ஏணியின் மேல் இரும்புச் சட்டம், சட்டத்தில் செயின் ரம்பம். ஏணியே தண்டவாளம். குனிந்தபடி ரம்பத்தைத் தள்ளிக்கொண்டே போனால் மரத்தின் முதுகு ஒரே சீவலாகக் கழன்றுவரும். அதன் பிறகு பலகை பலகையாக இறங்கும். ஒவ்வொரு பலகைக்கும் நடுவே சின்னக் குச்சிகள் வைத்துக் காற்றோட்டமாக அடுக்குவார். பலகை முனை வெடிக்காமலிருக்க, வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சை பெயிண்டைப் பூசுவார். அடுக்கின் மேல் ஒரு பழைய தார்ப்பாய், தார்ப்பாய்க்கு மேல் கல், கல்லை யாராவது நகர்த்தினால் தெரியும்படி அதைச் சுற்றி ஒரு கோடு.

ரம்பங்கள் தகரக் கொட்டகைக்குள் இருக்கின்றன. பழைய இரும்புக் கடையில் செத்துக் கிடந்ததையெல்லாம் தூக்கி வந்து உயிர் கொடுத்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் தலையணை உறை போட்டு அலமாரியில் உட்கார்த்தி வைத்திருக்கிறார். ஒன்றுக்குப் பெயர் 'மாமியார்': காலையில் எவ்வளவு இழுத்தாலும் வாய் திறக்காது, சூடானால் நிறுத்த முடியாது. சிவப்பாக இருப்பது 'வாயாடி'. தூக்கவே இரண்டு ஆள் வேண்டிய ஒரு கிழட்டு ரம்பமும் உண்டு. அது ஓடியதை யாரும் பார்த்ததில்லை. "பாத்தா கண்ணு பட்டுடும்" என்று சொல்லிச் சமாளிப்பார். எல்லாவற்றிலிருந்தும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறார். தினம் ஓடும் வாயாடியின் பிளக் மட்டும் சட்டைப் பையில். "பிளக் இல்லாத மெஷின் வெறும் இரும்பு. திருடனுக்குத் தோள்வலிதான் மிச்சம்."

சமீபமாக அவருடைய சந்தேகங்கள் கொஞ்சம் விநோதமான பக்கம் திரும்பியிருந்தன. பல்பு கம்பெனிக்காரன் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டான் என்றார். கொட்டகையில் பல்பை மாற்றி மாற்றிப் போட்டார். எல்லாம் போலி. பேப்பர்காரர்கள் மை மிச்சம் பிடிக்க எழுத்தைப் பொடியாக்கிவிட்டார்கள் என்றார். காபி டம்ளரை மேஜைக்கு அரை விரல் தள்ளி வைத்துக் கொட்டியபோது, மேஜையை யாரோ நகர்த்திவிட்டதாக வீட்டையே ரெண்டாக்கினார்.

மனைவி தரையைத் துடைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் செக்கருக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

பெரிய சந்தேகம் மாடியில் குடியிருந்தது. ஒரே மகளும் மாப்பிள்ளையும் மாடிக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. மாப்பிள்ளைக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நீலச் சட்டை யூனிஃபார்ம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து போவார். பேச்சு மெதுவாக வரும். மெதுவாகப் பேசுகிறவனிடம் டிக்கெட் இருக்காது என்பது செக்கரின் அனுபவம்.

"மாமா, ஒரு தடவை கடைக்கு வாங்களேன். சும்மா கண்ணைப் பாத்துடலாம்" என்று ஒருநாள் மாப்பிள்ளை கேட்டார்.

"எனக்கென்ன கண்ணுக்கு? உங்களுக்கு வியாபாரம் ஆகலைன்னா நேரா சொல்லுங்க மாப்பிள்ளை."

அன்றைக்கு மகள் கீழே இறங்கி வந்து நின்றாள். "அப்பா, இன்னொரு தடவை அவரை இப்படிப் பேசினீங்கன்னா நாங்க வேற வீடு பாத்துட்டுப் போயிடுவோம். அப்புறம் நீங்களும் உங்க மெஷினும் நிம்மதியா இருங்க." சொன்னதைச் செய்கிற பெண். அப்பாவின் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது.

அடுத்து வந்தது புகை. வாயாடியை வைத்து ஒரு மரத்தை அறுக்கப் போனார். பலகை வரவில்லை, புகைதான் வந்தது. சங்கிலியின் பல் முனை மேல்பக்கத்தில் முன்னோக்கி இருந்தால்தான் மரத்தைக் கடிக்கும். பல் திரும்பியிருந்தது. யாரோ திருப்பி மாட்டியிருக்கிறார்கள்! செக்கர் தினமும் காலையில் சங்கிலியைக் கழற்றி, கழுவி, அரம் போட்டு, தன் கையால் மாட்டி வைக்கிறவர். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சாயங்காலம் அறுப்பார். ஆக, தூங்குகிற நேரத்தில்தான் யாரோ உள்ளே வருகிறார்கள்.

அன்றிலிருந்து காவல் வைத்தார். மாட்டி முடித்ததும் ரம்பத்தின் மூடிக்கும் உடம்புக்கும் இடையில் ஒரு தீக்குச்சியைச் செருகிவிட்டுப் போவார். தூங்கி எழுந்து வந்தால் குச்சி தரையில் கிடக்கும். ஆச்சரியம் என்னவென்றால், ரம்பம் வெண்ணெய் மாதிரி அறுத்தது. எதுவும் திருடு போகவில்லை, எதுவும் கெடவில்லை. ஒன்றும் எடுக்காத திருடனை நினைத்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பெரிய திட்டம் எதுவோ நடக்கிறது, மெஷினை அக்கக்காகப் படித்துவிட்டு ஒருநாள் அலமாரியோடு அள்ளப் போகிறான்.

"யாரு?" என்று மனைவி கேட்டார்.

"மாடியில இருக்கிறவருதான். வேற யாரு? கையும் களவுமா புடிக்கிறேன். புடிச்ச அன்னைக்கே பெட்டியைக் கட்டச் சொல்றேன்."

"மகளும் போயிடுவாளேங்க."

"போகட்டும்" என்றார். மகள் இல்லாத மாடியை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் திருட்டு திருட்டுதானே.

மறுநாள் சாப்பாடு முடிந்ததும், பழைய இரும்புக் கடைக்குப் போவதாக ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு வாசல் வழியாகப் போனார். பின்சந்து வழியாகத் திரும்பி வந்து பலகை அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். எறும்பு கடித்தது. அசையவில்லை. பஸ் படிக்கட்டில் தொங்கியவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?

கொட்டகைக் கதவு திறந்தது. ஓர் உருவம் உள்ளே போனது. செக்கர் பூனை நடை நடந்து கதவருகே வந்தார். மேஜை மேல் வாயாடி. அதன் மேல் குனிந்திருந்தது நீலச் சட்டை. அவ்வளவுதான், உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி இருந்தது.

"மாட்டினீங்களா மாப்பிள்ளை! இப்பவே பெட்டியைக் கட்டுங்க. என் வீட்ல திருடனுக்கு எடம் கிடையாது!"

நீலச் சட்டை திரும்பியது. எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டது.

"நான்தாங்க" என்றார் மனைவி.

நாலடி தூரம். கதவு விரியத் திறந்திருந்தது. வெயில் நேராக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. இவ்வளவு காலம் கூடவே வாழ்ந்த முகம். செக்கர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். இன்னும் ஓரடி கிட்டே போனார். அப்போதுதான் முகம் முகமாக வந்தது. மாப்பிள்ளை கழித்துப்போட்ட கடைச் சட்டையை, எண்ணெய் படாமலிருக்க மேலே மாட்டியிருந்தார் மனைவி.

"பாருங்க" என்று மனைவி சங்கிலியைக் காட்டினார். "இன்னைக்கும் திருப்பித்தான் மாட்டியிருக்கீங்க. நட்டையும் முறுக்கலை. ஓடும்போது கழண்டா கை என்ன ஆகும்? அன்னைக்குப் புகை வந்ததே, அப்பவே மாப்பிள்ளை பாத்துட்டாரு. 'அத்தை, மாமாகிட்ட நான் சொன்னா தப்பா எடுத்துப்பாரு, நீங்க தினம் ஒரு தடவை பாத்துடுங்க'ன்னு எப்படி மாட்டுறதுன்னு அவருதான் சொல்லிக் குடுத்தாரு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா? நான்தான் திருப்பி மாட்டினேன்னு சொல்லியிருப்பீங்க."

செக்கர் நிஜமாகவே அப்படித்தான் சொல்லியிருப்பார். மேலே எரிந்துகொண்டிருந்த பல்பைப் பார்த்தார். பல்பைச் சுற்றி ஒரு பனிமூட்டம். பாவம், பல்பின் மேல் தப்பில்லை. பயம் இப்போதுதான் வந்தது.

சத்தம் கேட்டு மாடிப்படியில் மாப்பிள்ளை இறங்கி வந்திருந்தார். பின்னால் மகள். அவள் முகம் கல்லாக இருந்தது. 'பெட்டியைக் கட்டுங்க' என்றது அவர்களுக்கும் கேட்டிருக்கிறது. மாப்பிள்ளை, "மாமா, அங்க படி இருக்கு, பாத்து" என்றார்.

செக்கர் காலால் துழாவிக் கொட்டகைப் படியைக் கண்டுபிடித்து இறங்கினார். மாப்பிள்ளையின் எதிரே வந்து நின்றார். சட்டைப் பையில் கையை விட்டுத் தேடி வாயாடியின் பிளக்கை எடுத்தார். பஸ்ஸில் தன்னிடம் எத்தனையோ பேர் டிக்கெட்டை நீட்டியது போல, இரண்டு விரலில் பிடித்து, அதை மாப்பிள்ளையிடம் நீட்டினார்.