ஜமீன்தாரின் கையெழுத்து

அப்போது ராயபுரத்தில் பழைய காகிதக் கடை வைத்திருந்தேன். பேர்பெற்ற ஒரு ஜமீன்தார் இறந்து, அவர் பங்களாவைக் காலி செய்தபோது, மகளுக்கு எழுதி அனுப்பாமலே வைத்திருந்த கடிதங்கள் என்னிடம் எடைக்கு வந்தன. பெரிய மனிதர்களின் கையெழுத்துகளைச் சேர்க்கும் வெள்ளைக்காரக் கப்பல் அதிகாரி ஒருவர் அவற்றைக் கேட்டார்.

“கையெழுத்த மட்டும் நறுக்கிக் குடு மாமு. மீதிய வச்சிகினு அந்தாளு இன்னா பண்ணுவான், தமிழா தெரியும்?” என்றார் பக்கத்துக் கடை பாய்.

அடுத்தவர் குடும்பக் கடிதத்தைப் படித்தால் ஏதாவது வம்பு வருமோ என்று எனக்குப் பயம். படிக்காமலே நறுக்கிக் கொடுத்தேன். கப்பலும் போய்விட்டது.

மறுவாரம் அந்த மகளே விசாரித்துக்கொண்டு வந்தார். அப்பாவை மீறிக் கல்யாணம் செய்துகொண்டவராம். நறுக்கியது போக மிச்சமிருந்த தாள்களில் ஒன்றை எடுத்து மெல்லப் படித்தார்.

“‘உன் கல்யாணத்துக்கு நான் வராததற்குக் காரணம்…’ அப்புறம் ஓட்டையா இருக்கே! இங்கே என்ன எழுதியிருந்தார்?”

தாளின் மறுபக்கத்திலிருந்த கையெழுத்தை நான் நறுக்கியபோது, அதன் பின்னால் எழுதியிருந்த அந்த வரியும் சேர்ந்து போயிருந்தது.

“நான் படிக்கலம்மா. பயந்துகினு வுட்டுட்டேன்.”

“படிச்சிருக்கலாமே ஐயா” என்றார். கோபமே இல்லை.

படித்திருந்தால் என் வாயாலாவது அந்தக் காரணத்தை அவரிடம் சொல்லியிருப்பேன்.