இரண்டு நாள் தள்ளி ஒரு தீபாவளி

போன வாரம் எங்கள் அபார்ட்மெண்ட் லிஃப்ட்டில் நடந்தது.

தீபாவளி முடிந்து இரண்டு நாளாகிவிட்டது. நானும் பத்மா அக்காவும் ஐந்தாவது மாடியில் லிஃப்ட்டில் ஏறினோம். அக்கா தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஈரத்தலையை நுனியில் முடிந்து, மடிப்புக் கலையாத புதுப் பட்டுப்புடவையில் இருந்தார். கையில் தட்டு நிறைய அதிரசம்.

நாலாவது மாடிக்குச் சென்னையிலிருந்து புதிதாகக் குடிவந்திருக்கும் ஐ.டி. பெண் உள்ளே வந்தாள். அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். பாவம், வயதானவர்களுக்குத் தேதி மறந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

"ஆன்ட்டி... தீபாவளி முடிஞ்சு ரெண்டு நாள் ஆச்சே?" என்றாள் மெதுவாக.

"ரெண்டு நாளா?" என்றார் அக்கா. "எங்களுக்கு முப்பத்தாறு வருஷம் லேட்டும்மா. எடுத்துக்கோ."

அந்தப் பெண் விழித்தாள். நீங்களும் விழிக்காமல் இருக்க, கதையை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

பத்மா அக்கா என் ஓரகத்தி. என் கணவருடைய அண்ணனின் மனைவி. மூன்றாவது மாடியில் அவர்கள், ஐந்தாவதில் நாங்கள். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து மைசூர் சர்க்கார் உத்தியோகத்துக்காக இந்தப் பெங்களூருக்கு வந்து வேரூன்றிவிட்ட குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம், கோபம் வந்தால் இங்கிலீஷ்.

இந்தக் குடும்பத்துக்குத் தீபாவளி கிடையாது.

ஏன்? மாமனாருடைய சித்தப்பா ஒருவர், எந்தக் காலத்திலோ, சரியாகத் தீபாவளியன்று காலையில் காலமாகிவிட்டார். பண்டிகை நாளில் சாவு விழுந்தால் அந்தப் பண்டிகை விட்டுப்போகும். பங்காளிகள் யாரும் கொண்டாடக் கூடாது. உங்களில் பலருடைய வீட்டிலும் இப்படி ஏதாவது ஒன்று விட்டுப்போயிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சின்னத் தாத்தாவைப் பற்றி எங்களில் யாருக்கும் எதுவும் தெரியாது. போட்டோ இல்லை. கறுப்பா சிவப்பா, நெட்டையா குட்டையா... ம்ஹூம். அவர் இறந்த நாள் ஒன்றுதான் தெரியும். அதை மட்டும் தலைமுறை தலைமுறையாக மறக்காமல் வைத்திருக்கிறோம்.

விட்டுப்போன பண்டிகை திரும்பி வர ஒரே ஒரு வழி உண்டு. அதே பண்டிகை நாளில் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுப் பசு கன்று போட வேண்டும். மல்லேஸ்வரம் பழைய வீட்டில் ஒரு பசு இருந்ததாம். அது ஏகாதசிக்குப் போட்டது, கார்த்திகைக்குப் போட்டது, ஒருமுறை மாட்டுப் பொங்கலுக்கே போட்டது. தீபாவளிக்கு மட்டும் போடவே இல்லை. இப்போது பசுவுக்கும் வழியில்லை. பூனை வளர்க்கவே எங்கள் அசோசியேஷனில் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆகவே தீபாவளியன்று எங்கள் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. மிளகு ரசம், பீன்ஸ் பொரியல், சுட்ட அப்பளம். அவ்வளவுதான் மெனு.

உடனே 'ஐயோ பாவம்' என்று உச்சுக் கொட்டிவிடாதீர்கள். பண்டிகை இல்லாத வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் பட்சணம் கொடுப்பார்கள் அல்லவா? எங்கள் பிளாக்கில் இந்தியாவே குடியிருக்கிறது! காலை பத்து மணிக்குள் பால்கோவா, சோன்பப்டி, முள்ளு முறுக்கு, ரிப்பன் பகோடா என்று டப்பாக்கள் வரிசை கட்டும். எதிர் ஃப்ளாட் சரோஜம்மா மட்டும் தங்கள் பண்டிகையான மூன்றாம் நாளில் 'கஜ்ஜாய' கொண்டு வருவார். நம் அதிரசத்துக்கு அவர்கள் ஊர்ப் பெயர். "நிமகே ஹப்ப இல்வல்லா, தகொள்ளி" என்பார். உங்களுக்குத்தான் பண்டிகை இல்லையே, எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்லி, இரண்டு கஜ்ஜாய கூடுதலாக வைப்பார்.

எனக்கு இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் வேகாமல் பட்சணம் மட்டும் சாப்பிடுகிற தீபாவளி எத்தனை பெண்களுக்கு வாய்க்கும்?

பத்மா அக்கா அப்படி இல்லை.

அவர் பிறந்த வீடு ஆரணி. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே பாகு காய்ச்சி மாவு பிசைந்து பானையில் போட்டு மூடுகிற வீடு. முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் தலை தீபாவளியை அங்கே அமர்க்களமாகக் கொண்டாடிவிட்டு பெங்களூர் வந்தார். வந்த பிறகுதான் புரிந்தது, அதுதான் கடைசித் தீபாவளியும் என்று. கல்யாணம் பேசும்போது யாரும் இதைச் சொல்லவில்லை. வருஷா வருஷம் ஆரணியிலிருந்து புடவை வரும். தீபாவளி கழிந்து ஒரு வாரம் பொறுத்துச் சாதாரணமாக ஒரு வெள்ளிக்கிழமை அதைக் கட்டிக்கொள்வார்.

"என் வீட்டுல, என் அடுப்புல, ஒரே ஒரு தீபாவளி. அது போதும் எனக்கு" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

'அப்படியானால் செய்துவிட வேண்டியதுதானே' என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அக்கா பதறிப்போனார். கவனித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு வீட்டின் வழக்கத்தைக் கட்டிக் காப்பாற்றுவது அந்த வீட்டில் பிறந்தவர்கள் அல்ல. வாக்கப்பட்டு வந்தவர்கள்தான். என் கணவர் தீபாவளியன்று ஆபீஸ் கேன்டீனில் வடையை வெளுத்துக் கட்டியவர். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. செத்தவர் அவருடைய ரத்தம். விரதம் மட்டும் எங்களுக்கு!

போன வருஷம் அக்காவுக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. மருமகள் காவ்யாவுக்குப் பிரசவத் தேதி கொடுத்தார்கள். தீபாவளிக்கு மூன்று நாள் கழித்து.

மூன்றே நாள்! அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த செக்கப்புக்குத் தானும் கூடப் போய், "கொஞ்சம் முன்னாடியே வலி வர வைக்க ஊசி இருக்காமே டாக்டர்?" என்று கேட்டேவிட்டார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அக்காவை உற்றுப் பார்த்தார். பதில் அவ்வளவுதான்.

காவ்யா ஹாசன் பக்கத்துப் பெண். எங்கள் வீட்டுக்கு வந்து கற்றுக்கொண்ட தமிழில் வெளுத்து வாங்குவாள். "அத்தே, உள்ள இருக்கிறது கொழந்தை. அதுக்குக் காலண்டர் பாக்க பரல்ல, தெரியாது. யாரோ ஒரு தாத்தா போட்ட பூட்டைத் தொறக்குறதுக்கு நான் சாவி பெத்துத் தரணுமா?"

அக்கா அதற்கப்புறம் ஊசிப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் மருமகளை பிளாக்கைச் சுற்றி நடக்க வைத்தார். "உடம்புக்கு நல்லது" என்று எங்களிடம் சொல்லிக்கொண்டார்.

தீபாவளி விடிந்தது. ஊரெல்லாம் வெடிச் சத்தம். மூன்றாவது மாடியில் மட்டும் எல்லோரும் காவ்யாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், தேர்தல் முடிவு பார்ப்பது போல. அவள் தோசை சாப்பிட்டாள். இன்னொரு தோசை கேட்டாள். ஆபீஸ் போனில் அரை மணி நேரம் யாரையோ திட்டினாள். மத்தியானம் மிளகு ரசம் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டாள்.

அக்கா பால்கனியில் போய் நின்றுகொண்டார். நான் பக்கத்தில் போனபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு, "புகை" என்றார். அந்த நேரம் வெடி எதுவும் வெடிக்கவில்லை. டப்பா டப்பாவாகப் பட்சணம் தின்று சந்தோஷமாக இருந்த எனக்கு அன்றைக்கு ஒரு முறுக்குகூட இறங்கவில்லை.

மறுநாளும் போயிற்று. அதற்கும் மறுநாள் விடியற்காலை வலி எடுத்தது. காலை ஒன்பதுக்குள் பெண் குழந்தை.

நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துவந்து அக்கா கையில் கொடுத்தாள். "ஹப்பத தின லக்ஷ்மி பந்திதாளே, அம்மா!" பண்டிகை நாளில் லட்சுமி வந்திருக்கிறாள் என்கிறாள்.

அக்கா நிமிர்ந்தார். "யாவ ஹப்ப?" எந்தப் பண்டிகை என்று கேட்டார்.

"பலிபாட்யமி! இவத்து தீபாவளி அல்வா?"

இன்றைக்குத் தீபாவளி அல்லவா என்று நர்ஸ் சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். இந்த ஊரில் தீபாவளி மூன்று நாள். நமக்கு முடிந்த பிறகு வருகிற மூன்றாம் நாள், இந்தப் பலிபாட்யமிதான், இவர்களுக்குப் பெரிய நாளே. தெருவில் அப்போதும் வெடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். இத்தனை வருஷம் சரோஜம்மாவின் கஜ்ஜாயவை அதே நாளில் வாங்கித் தின்றிருக்கிறோம். யாருக்காவது உறைத்ததா?

அக்காவின் கணவர், எங்கள் எல்லோருக்கும் 'பெரியவர்', ரிட்டையர்டு ஆடிட் அதிகாரி. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஆட்சேபணையை எழுப்பினார்.

"அதெப்படி? சின்னத் தாத்தா செத்தது சதுர்த்தசி. இன்னிக்குப் பாட்யமி. திதி ஒத்துப்போகலையே. அதோட, பொறந்தது பொண்ணு. ஆம்பளப் புள்ள பொறந்தாத்தான் கணக்குன்னு சொல்லுவாங்க."

பத்மா அக்கா குழந்தையை என்னிடம் கொடுத்தார். முந்தானையைச் செருகிக்கொண்டார்.

"ஏங்க, பசு கன்னு போட்டாலே பண்டிகை திரும்பும்னா, பொண்ணு பொறந்தா திரும்பாதா? உங்க பேத்தி கன்னுக்குட்டியவிடக் கொறைச்சலா?"

பெரியவர் வாயைத் திறந்தார். அக்கா விடவில்லை.

"உங்க சின்னத் தாத்தா எந்த ஊர்ல செத்தாரு?"

"இங்கதான். பெங்களூர்ல."

"அப்ப இந்த ஊர்க் கணக்குல, தீபாவளி முதல் நாள் செத்தாரு. அதே தீபாவளி மூணாம் நாள் இவ பொறந்திருக்கா. மூணு தலைமுறையா இங்க இருக்கோம். மழை இந்த ஊரு, காய்கறி இந்த ஊரு, மருமக இந்த ஊரு. தீபாவளி மட்டும் எதுக்குங்க ஆற்காட்டுக் கணக்குல?"

"சாஸ்திரம்னு ஒண்ணு இருக்கில்ல..."

"சாஸ்திரத்துல ஃபில்டர் காபியும்தான் இல்ல. தெனம் ரெண்டு வாட்டி குடிக்கிறீங்க."

அரசாங்கத்தின் எத்தனையோ கணக்குகளில் ஓட்டை கண்டுபிடித்த மனிதருக்கு இதில் ஓட்டை கிடைக்கவில்லை. "யாராவது கேட்டா நான் ஒத்துக்கிட்டேன்னு சொல்லாதீங்க" என்றார்.

இந்த வருஷம் பாட்யமியன்று அதிகாலையில் தலையில் எண்ணெய் வழிய முதல் ஆளாகக் குளியலறை வாசலில் நின்றவர் அவர்தான்.

அதிரசம்? அதை ஏன் கேட்கிறீர்கள்! ஆரணி மாவு ஆரணியோடு போய்விட்டது. அக்கா காய்ச்சிய பாகு பதம் தப்பி, மாவு எண்ணெயில் விழுந்ததும் பிரிந்து, சட்டி முழுக்கக் கறுப்புத் தூளாக மிதந்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வந்தது. இந்த முறை புகை நிஜமாகவே இருந்தது.

அப்புறம் எதிர் ஃப்ளாட்டிலிருந்து சரோஜம்மா தன் மாவு டப்பாவோடு வந்தார். தட்டிப் போட்டது அக்கா, மாவு சரோஜம்மாவுடையது. அது அதிரசமா, கஜ்ஜாயவா? எங்கள் வீட்டில் பிறந்த குழந்தை தமிழா கன்னடமா என்று கேட்பது போலத்தான். எதுவானாலும் சாப்பிட நன்றாக இருந்தது.

முதல் ஈட்டில் ஒன்றை எடுத்து, அக்கா தனி இலையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "சின்னத் தாத்தாவுக்கு" என்றார். "உங்க முகம்கூட எனக்குத் தெரியாது. இத்தன வருஷமா உங்களுக்காக விட்டிருந்தேன். இன்னிக்கு நீங்களும் சாப்பிடுங்க."

பெரியவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

லிஃப்ட்டில் அந்தச் சென்னைப் பெண்ணுக்கு இவ்வளவையும் சொல்ல நேரம் ஏது? தரைத்தளம் வருவதற்குள் அக்கா சுருக்கமாகச் சொல்லி முடித்தார். அந்தப் பெண் அதிரசத்தைக் கடித்துக்கொண்டே யோசித்தாள்.

"அப்போ ஆன்ட்டி, அடுத்த வருஷம் எங்க தீபாவளி அன்னிக்கு உங்களுக்கு ஸ்வீட் கொண்டு வரணுமா, வேணாமா? உங்களுக்குத்தான் பண்டிகை வந்துடுச்சே!"

பத்மா அக்கா முகத்தைச் சட்டென்று துக்கமாக வைத்துக்கொண்டார்.

"கண்டிப்பா கொண்டு வாம்மா. அன்னிக்கு எங்களுக்குப் பண்டிகை கிடையாது... வழக்கத்த விடலாமா?"