முழுப் பேர் கேட்டார்கள்

நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முருகன் அடியார்களே, சந்தோஷத்தில் என்று நினைத்துவிடாதீர்கள். பயம். சுத்தமான பயம். அறுபத்தெட்டாம் வருஷம், மாசி மாதம் அது. தெமோதரைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரருக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் எங்கள் வீடு. அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர், அம்மா கொழுந்து எடுக்கிறவர். நான் பதுளையில் படித்து, மருத்துவக் கல்லூரிக்கு எழுத்துப் பரீட்சையில் எப்படியோ தேறிவிட்டேன். இனிக் கொழும்பில் பெரிய டாக்டர்மார் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். அதில் தவறினால் இடம் கிடையாது.

இடம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். கங்காணி ஏற்கெனவே அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தார். "என்னா முத்தையா, கொமரிப் புள்ளைய எத்தன நாளைக்கு வீட்டுலயே வச்சிருப்ப? சித்திரையில பேர் பதிஞ்சு மலைக்கு அனுப்பு." அப்பா தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். அவரால் என்ன பேச முடியும்? அம்மாவுக்கும் அப்போது உடம்பு சரியில்லை. லயத்திலிருந்து மலைக்கு ஏறுவதற்குள் நாலு இடத்தில் உட்காருவார். வீட்டில் ஒரு ஆள் குறைந்தால் அந்த இடத்துக்கு இன்னொரு ஆள் போக வேண்டும். அந்த ஆள் நான்தான்.

பதுளையில் எனக்கு விஞ்ஞானம் படிப்பித்த மாஸ்டர் நல்லவர். என்மேல் உள்ள அக்கறையில் அவர் ஒரு மாதம் என்னைப் பழக்கினார். நான் ஏன் டாக்டராக விரும்புகிறேன் என்று பத்து வரி இங்கிலீஷில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார். "லயம் கியம் என்று அங்கே வாயைத் திறக்காதே. குடியிருப்பு என்று சொல். அப்பா தோட்டத்துறையில் பணிபுரிகிறார் என்று சொல். உன் பேச்சிலேயே உன்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள்" என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கண்டுபிடித்துவிடுவார்களாம்! நான் என்ன திருடியா? ஆனாலும் அடியார்களே, அன்றிலிருந்து எங்கள் தோட்டத்து முருகன் சந்நிதியில் நின்று நான் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். "அப்பனே, நான் லயத்துப் பிள்ளை என்று அவர்களுக்குத் தெரியாமல் காப்பாத்து." இதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. நேர்த்திக்கடன் ஒன்றும் வைக்கவில்லை. பயத்தில் அது கூடத் தோன்றவில்லை.

அப்பாவும் நானும் முதல்நாள் ரயிலில் கொழும்புக்குப் போய்க் கொட்டாஞ்சேனையில் மாமா வீட்டில் தங்கினோம். மறுநாள் செவ்வாய்க்கிழமை. மருத்துவக் கல்லூரியின் நீளமான விறாந்தையில் வாங்குகள் போட்டு எங்களை உட்கார வைத்தார்கள். அப்பா கேட்டுக்கு வெளியே நின்றார். என்னைச் சுற்றிக் கொழும்புப் பிள்ளைகள். டாக்டர் மகள், வக்கீல் மகன். இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. அவர்களுக்கும் பயம்தான், ஆனால் அவர்கள் அதைச் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். உட்காரச் சொல்லுமுன் உட்கார்ந்தால் போச்சாம். எலும்பைக் கையில் கொடுத்து எது என்று கேட்பார்களாம். விரல் நடுங்குகிறதா என்று பார்க்கவே ஊசியில் நூல் கோக்கச் சொல்வார்களாம். நான் என் விரல்களைப் பார்த்தேன். ஊசியும் வேண்டாம் நூலும் வேண்டாம், அவை தம் பாட்டில் ஆடிக்கொண்டிருந்தன. உள்ளே போன ஒரு பிள்ளை முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். அடுத்ததாக என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் நரைத்த தலையோடு தலைவர், சிங்களவர். ஒரு பக்கம் கண்ணாடி போட்ட அம்மையார். மறுபக்கம் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர், என் படிவத்தை முன்னால் வைத்திருந்தார். தலைவர் இங்கிலீஷில் கேட்டார், ஏன் டாக்டராக வேண்டும் என்று. மாஸ்டர் சொன்ன அதே கேள்வி! முதல் வரி வந்தது. இரண்டாவது வரி வந்தது. மூன்றாவது வரி எங்கே போனதோ, அந்த வேலனுக்குத்தான் வெளிச்சம். மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அதே இடத்தில் நின்றேன். மூன்றாம் தடவையும் தொடங்கினேன். அம்மையார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

முடிந்தது என்று நினைத்தேன். சேலைத் தலைப்பு கைக்குள் நனைந்துவிட்டது. அப்போது மனசுக்குள் கத்தினேன். "முருகா, வார்த்தை குடு! ஒரே ஒரு வார்த்தை குடு!"

யாழ்ப்பாணத்து டாக்டர் பேனாவை எடுத்தார். "பிள்ளை, இங்கிலீசை விடும். இதிலை கொஞ்சம் நிரப்பாமல் கிடக்கு, தமிழிலை சொல்லும். அப்பா என்ன செய்யிறார்?"

"தோட்டத்துறையில் பணிபுரிகிறார்" என்றேன், மாஸ்டர் சொல்லித் தந்தபடி.

"அம்மா?"

"அம்மா..." அதற்கு மாஸ்டர் ஒன்றும் சொல்லித் தரவில்லை. "அம்மா கொழுந்து எடுக்குறாங்கய்யா."

அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே கேட்டார். "முழுப் பேர்?"

அம்மாவின் முழுப் பெயரைத்தான் அவர் கேட்டார். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் விளங்கியிருக்கும். எனக்கு அப்படி விளங்கவில்லை. என் வாய் தன் பாட்டில் சொன்னது:

"பதினெட்டு றாத்தல் எடுத்தாத்தாங்கய்யா முழுப் பேர். எங்கம்மாவுக்கு ஆறு மாசமா அரைப் பேர்தான் போடுறாங்க."

பேனா நின்றது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ! எங்கள் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று சொல்வோம். சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். யாழ்ப்பாணத்து மனிதருக்கு இது எப்படித் தெரியும்? ஒளிக்கச் சொல்லி ஒரு மாதம் கும்பிட்டதை ஒரு நொடியில் நானே போட்டுடைத்துவிட்டேன். நிலம் பிளந்து உள்ளே போய்விட மாட்டேனா என்றிருந்தது.

"அரைப் பேர் எண்டால் என்ன பிள்ளை?" என்று கேட்டார். சொன்னேன். அவர் அதை இங்கிலீஷில் தலைவருக்குச் சொன்னார். தலைவர் சிரிக்கவில்லை. ஏன் அரைப் பேர் என்று யாழ்ப்பாணத்து டாக்டர் மூலமாகக் கேட்டார்.

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? கொட்டிவிட்டேன். "எங்கம்மாவுக்கு மூச்சு வாங்குதுங்கய்யா. காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு நடந்து போறதுக்குள்ளயே களைச்சிடுறாங்க. காலு வீங்குது. கண்ணு உள்பக்கமெல்லாம் வெள்ள வெளேருன்னு இருக்கு. நகம் கரண்டி மாதிரி குழிஞ்சிருச்சு."

"நகத்தை ஆர் பாக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்கய்யா. நானாத்தான் பாத்தேன். எங்க லயத்துலயே இன்னும் ஏழு பொம்பளைங்களுக்கு அப்படித்தான் இருக்கு."

"என்ன வருத்தம் எண்டு நினைக்கிறீர்?"

"கொக்கிப்புழுவா இருக்கும்னு நெனைக்கிறேன். புத்தகத்துல படிச்சேன், மண்ணுலேருந்து கால் வழியா ஏறுமாம். நாங்க எல்லாரும் வெறுங்காலோடதான மலைக்குப் போறோம்."

"ஆருக்கும் சொன்னனீரோ?"

"நான் சொன்னா யாருங்கய்யா கேப்பா? எனக்குப் பயமா இருக்கு. அம்மா செத்துப்போயிருவாங்களோன்னு பயமா இருக்கு."

டாக்டர் அதையெல்லாம் தலைவருக்கு இங்கிலீஷில் சொன்னார். பிறகு தலைவர் ஒரு கேள்வி கேட்டார், யாழ்ப்பாணத்து டாக்டர் அதைத் தமிழில் சொன்னார். உம்மை நாங்கள் எடுக்காவிட்டால் என்ன செய்வீர்?

"பேர் பதிஞ்சு கொழுந்து எடுக்கப் போவேங்கய்யா. ஆனா சப்பாத்துப் போட்டுக்கிட்டுத்தான் போவேன்."

அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். கடிகாரத்தைப் பார்த்த அதே அம்மையார்தான். டாக்டர் ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ எழுதி என்னிடம் நீட்டினார். "இதைப் பதுளை ஆசுப்பத்திரியிலை குடும். அம்மாவைக் கெதியிலை கூட்டிக்கொண்டு போம், நாளைக்கு எண்டு இராதையும்." அதற்குப் பிறகுதான் அம்மாவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். மாரியாயி.

கேட்டுக்கு வெளியே நின்ற அப்பா என் கையில் காகிதத்தைக் கண்டதும் ஓடி வந்தார். "சீட்டு குடுத்துட்டாங்களா புள்ள?"

"அது சீட் இல்லப்பா. இது அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு" என்று சொல்லி நடுத்தெருவில் நின்று அழுதேன். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சரி விடு, போனா போகட்டும். வா, டீ குடிப்போம்" என்றார்.

பதுளையில் பார்த்தார்கள். கொக்கிப்புழுதான். ரத்தம் மிகவும் குறைந்திருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இருதயம் தாங்கியிருக்காது என்றார்கள். வார்டில் வைத்து மருந்து கொடுத்தார்கள். நான் அம்மாவின் கட்டிலுக்குக் கீழே பாயில் உட்கார்ந்திருந்தேன். கல்லூரியில் இடம் கிடைக்காது என்றே நினைத்தேன். சித்திரை பிறந்தது. கங்காணி வாசலுக்கே வந்து பதிவதற்கு என் பெயரைக் கேட்டார். அப்பா, "இன்னும் ஒரு வாரம் பொறுங்கண்ணே" என்று கெஞ்சினார். அந்த ஒரு வாரம் முடிய ஒரு நாள் இருக்கும்போது தபால் வந்தது. இடம் கிடைத்திருந்தது. நான் வாசித்துச் சொன்னதை அப்பா நம்பவில்லை. கடைசியில் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கங்காணியிடமே வாசிக்கக் கொடுத்தார்! அவர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, "அடி ஆத்தி" என்றார்.

அந்த ஆடியில் நாங்கள் மூவரும் புத்தளைப் பக்கமாகக் காட்டுவழியில் கதிர்காமத்துக்கு நடந்தோம். அம்மா முன்னால் போனார். நான் பின்னால், நாக்குத் தள்ள. அவர் திரும்பி நின்று இடுப்பில் கை வைத்துக் கேட்டார். "என்னாடி டாக்டரு, மூச்சு வாங்குதா?"

இன்றைக்கும் அம்மாவின் அந்தக் குரல் காதில் கேட்கிறது. அதற்குப் பிறகு படித்தேன், எங்கள் ஊவா மாகாணத்துத் தோட்டங்களிலேயே வேலை செய்தேன், லயம் லயமாகப் போய் எத்தனையோ பெண்களின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தேன். என் ஊரையும் என் பேச்சையும் அதற்குமேல் எங்கேயும் ஒளித்ததில்லை.

அடியார்களே, உங்கள் பிள்ளைகளும் இப்படி ஏதோ ஒரு கதவுக்கு வெளியே நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவர்களிடம் சொல்லுங்கள். கதிர்காமத்தான் என் ஒரு மாத வேண்டுதலைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டிருந்தால் அந்த அறையில் நான் நல்ல தமிழில் இரண்டு பொய் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். அம்மா சித்திரையைத் தாண்டியிருக்க மாட்டார். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்றே அவனிடம் சொல்லுங்கள். உள்ளே போய் வாயைத் திறங்கள். வருகிற வார்த்தை அவன் பொறுப்பு.