மணம் தெரியாத மாதங்களில் வளர்ந்த வேர்கள்

ஒரு வாரக் காய்ச்சல் விட்ட அன்று காலையில் காபியை வாயில் வைத்தேன். சூடு தெரிந்தது, இனிப்பு தெரிந்தது, காபி தெரியவில்லை. டம்ளருக்குள் மூக்கை விட்டு இழுத்துப் பார்த்தேன். சோப்பு, துவைத்த துணி, கணவர் தலையில் தேய்த்திருந்த எண்ணெய் என்று ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன். எதற்கும் மணம் இல்லை.

“சளியா இருக்கும். ரெண்டு நாள்ல சரியாப் போகும்” என்றார் அவர்.

இரண்டு நாள் இரண்டு மாதமானது.

அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது நன்னாரி. நன்னாரியின் மதிப்பெல்லாம் அதன் வேரின் மணத்தில்தான். வேரைத் தோண்டி எடுத்தால் கொடி போய்விடும். கொடி இல்லாமல், மண் இல்லாமல், வேரை மட்டும் குடுவைக்குள் வளர்த்து அந்த மணத்தை எடுக்க முடியுமா என்று பார்ப்பதுதான் என் வேலை. அந்த வேலையில் இருப்பவளுக்கு மணமே தெரியவில்லை என்பதைக் கல்லூரியில் யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

செய்முறை சொல்வதற்கு எளிது. மண்ணில் ஒரு பாக்டீரியா இருக்கிறது. இலையில் கீறிய காயத்தின் வழியே அது உள்ளே போய், தன் மரபணுவில் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் விட்டுவிடும். அதன்பின் அந்தக் காயத்திலிருந்து முடி போல வேர்கள் கிளம்பும். அவற்றை வெட்டி, சர்க்கரையும் உப்புகளும் கலந்த நீரில் போட்டு, குலுக்கும் இயந்திரத்தில் வைத்தால் அவை பாட்டுக்கு வளரும். கிருமி ஒன்று புகுந்துவிட்டால் மட்டும் எல்லாம் பாழ். எனக்கு முதல் ஐந்து மாதமும் பூஞ்சைதான் வளர்ந்தது.

புதிய கொடி வேண்டியிருந்தபோதெல்லாம் திருச்சுழி பஸ் ஏறுவேன். குண்டாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், நன்னாரி வேர் தோண்டி சர்பத் கடைகளுக்குக் கொடுக்கும் பெண் ஒருவர் இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட. நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை டீச்சரம்மா என்பார். காய்ச்சலுக்குப் பிறகு முதல்முறையாகப் போன அன்று, அவர் கடப்பாரையால் சரளை மண்ணைப் பெயர்த்துக்கொண்டிருக்க, நான் ஓர் உடைமர நிழலில் போய் உட்கார்ந்தேன். கண்ணுக்கெட்டியவரை வெயில் அசைந்துகொண்டிருந்தது. ஊர்களும் பனைகளும் மிதப்பது போலத் தெரிந்தன. மணம் போனதிலிருந்தே எல்லாம் அப்படித்தான் இருந்தது. கரிசலில் மழை விழுந்தால்கூட யாரோ தொலைவில் பேசுவது போலத்தான் கேட்டது.

“டீச்சரம்மா, எந்திரிங்க! அங்கன எப்படித்தான் உக்காந்திருக்கீக?”

“ஏன்க்கா? நல்ல நெழலா இருக்கே.”

“பின்னாடி ஆடு செத்துக் கெடக்குது. நாத்தம் ரோடு வரைக்கும் வருது.”

திரும்பினேன். நாலு முழம் தள்ளி, ஈக்கள் மொய்க்க, வயிறு ஊதிக் கிடந்தது. எழுந்து அக்கா பக்கம் போனேன். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் எடுத்த வேரை உடைத்து என் மூக்கருகே பிடித்தார்.

“இதுவுமா தெரியல?”

“இல்லக்கா.”

“அப்ப நீங்க வளக்குற வேரு மணக்குதா இல்லையான்னு யாரு பாப்பாக?”

“மதுரைக்கு அனுப்புனா மிஷின்ல பாத்துச் சொல்லுவாங்க. அதுக்கு ரொம்ப நாளாகும்.”

“நா வாரேன். ஒரு போன் போடுங்க” என்றார்.

அன்று கொண்டுவந்த கொடியின் இலையில்தான் காரியம் கூடிவந்தது. ஒரு குடுவை மட்டும் பூஞ்சை படராமல் தெளிவாகவே இருந்தது. உள்ளே அரை விரல் நீள வெள்ளை வேர் ஒன்று. மூன்றாவது வாரம் அது பத்தாகி, பிறகு எண்ண முடியாத சிக்கலானது. வெட்டிப் பல குடுவைகளுக்குப் பிரித்தேன். மதியங்களில் வகுப்பில்லாதபோது குலுக்கும் இயந்திரத்தின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். குடுவைகள் வட்டமிட, வேர்கள் பஞ்சுப் பொதி போல மெல்லச் சுழலும். தண்டும் கிடையாது, இலையும் கிடையாது, எங்கும் போய் ஊன்றவேண்டிய அவசியமும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் நானும் அந்த நீருக்குள் இருப்பதாகத் தோன்றும். மணி அடித்துப் பிள்ளைகள் வராண்டாவில் ஓடும் சத்தத்தில்தான் எழுந்திருப்பேன்.

ஒரு சனிக்கிழமை அக்கா வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கையை இரண்டு முறை கழுவினார். ஒரு பிடி வேரை எடுத்துப் பிழிந்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். மோந்தார். நகத்தால் நசுக்கி மறுபடி மோந்தார்.

“தண்ணி வாசந்தான் வருது, டீச்சரம்மா. பாக்கத்தான் வேரு.”

அவர் போனபின் வெகுநேரம் யோசித்தேன். என் வேர்களுக்குக் குறை ஒன்றுமில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு, குளிர்ந்த அறை, எதிரி இல்லை. செடிகள் இம்மாதிரி மணப்பொருள்களைப் பெரும்பாலும் தொல்லை வரும்போதுதான் கூடுதலாகச் செய்கின்றன. அதற்கும் ஒரு வழி உண்டு. கிருமி நீக்கிய ஈஸ்ட் சாற்றைச் சில துளிகள் விட்டால், பூஞ்சை தாக்கிவிட்டதாக வேர் நினைத்துக்கொள்ளும். மனதில்லாமல்தான் விட்டேன். மூன்றாம் நாள் வெண்மை மங்கி, வேர்கள் வெளிறிய தேநீர் நிறத்துக்கு வந்தன.

அக்காவுக்குப் போன் போட்டேன். மறுநாள் பகலில் வந்தார். இந்த முறை வேரை நசுக்கி ஒரு தடவை மோந்தார். ஜன்னல் பக்கம் போய் நின்று, கண்ணை மூடி, இன்னொரு முறை இழுத்தார்.

“நன்னாரிதான்” என்றார். “லேசாத்தான் இருக்கு. ஆனா அதேதான்.”

நானும் குனிந்து அவர் கையிலேயே மோந்தேன். ஈரம் மட்டும் மூக்கில் பட்டது. என்னை அறியாமல் அழுதுவிட்டேன். சந்தோஷமா துக்கமா என்று இன்றுவரை பிரிக்கத் தெரியவில்லை. அவர் ஈரக்கையோடு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு நான் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டார்.

“இது குடுவையிலயே வந்துருச்சுன்னா, எங்கிட்ட யாரு வாங்குவாக?”

“இன்னும் நெறைய வருசம் ஆகும்க்கா. ஆனா ஒரு நாள் வந்துரும்” என்றேன். பொய் சொல்ல முடியவில்லை.

“வந்தா வரட்டும். முன்னயெல்லாம் கூடை கூடையாக் கொண்டாருவேன். இப்பப் பை நெறையவே பாடாப் போகுது. கரட்டுல கொடி இல்ல.” குடுவைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். “முழுக் கொடியா ஏதும் வச்சிருந்தாக் குடுங்க. எங்க வரப்புல ஊனிப் பாக்கேன்.”

ஐப்பசி மழைக்கு முன், அவர் தந்த கொடிகளைத் துண்டு வைத்துக் கல்லூரியில் வளர்த்த இருபது நாற்றுகளைக் கொண்டுபோய் இருவருமாக ஊன்றினோம். பாதிக்குமேல் பிடித்துக்கொண்டன. நான் அனுப்பியிருந்த குடுவை வேருக்கு மதுரையிலிருந்து அறிக்கை வந்தது. அக்கா சொன்னதைத்தான் அதுவும் சொன்னது.

எனக்கு மணம் அடுத்த கோடையில் திரும்பியது, கோணலாக. காரியாபட்டி போகிற பஸ்ஸில், முன்சீட்டுப் பெண்ணின் மல்லிகைப்பூ கருகிய ரப்பராக நாறியது. நாற்றம்தான், ஆனாலும் அரைமணி நேரம் அதை இழுத்து இழுத்து மோந்துகொண்டே போனேன். பூவெல்லாம் மெதுவாகப் பூவானது. நன்னாரி மட்டும் சில நாள் சரியாகவும் சில நாள் வேறேதோவாகவும் வருகிறது. அதனால் புதிதாக ஒரு குடுவை தயாரானால் அக்காவைத்தான் கூப்பிடுகிறேன். போனமுறை வந்தவர் குடுவையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

“போன தடவைக்கு இது மட்டந்தான். என்ன செஞ்சீக?”

நோட்டை எடுத்துப் பார்த்தோம். ஈஸ்ட் சாறு விட ஒரு நாள் பிந்தியிருந்தேன்.