டைகருக்குப் போட்ட உபவாசம்

கர்த்தருக்குள் அன்பான அக்கா தங்கைமாரே, அண்ணன் தம்பிமாரே, 'நாய்க்கு ஜெபம் பண்ணின எஸ்தர்' என்று என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்கிறீர்கள். பேசிக்கொள்ளுங்கள். நான் ஜெபம் பண்ணினது உண்மை. ஆனால் என்ன ஜெபம் பண்ணினேன், அதற்கு என்ன பதில் வந்தது என்பது உங்களில் யாருக்கும் தெரியாது. அதை இன்று சபைக்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். மழைக்கு முந்தின மாதம். என் வீட்டுக்காரர் கடலோடு போனபிறகு, காசிமேட்டில் தூத்துக்குடி முதலாளியின் கருவாட்டுக் களத்தில் எனக்குக் காவல் வேலை. காக்கையையும் தெருநாய்களையும் விரட்டுவது என் டைகர். ஏழு வயசு, செம்பட்டை நிறம், குரைத்தால் களமே அதிரும்.

அந்த டைகர் இருமத் தொடங்கியது. தொண்டையில் முள் சிக்கின மாதிரி ஒரு இருமல். காக்கையைத் துரத்தி நாலு எட்டு ஓடினால் உட்கார்ந்து மூச்சு வாங்கும். கடல்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டேன். பிறகு முதுகெலும்பு துருத்திக்கொண்டு வர, வயிறு மட்டும் பானையாக உப்பியது.

அதே சமயத்தில்தான் களத்தில் வஞ்சிரக் கருவாடு குறைய ஆரம்பித்தது. சேர்த்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? களத்தில் வேலை செய்கிற அத்தனை பேரும் டைகர் வயிற்றைத்தான் பார்த்தார்கள். கருவாட்டுக் களத்தில் ஒரு நாய்க்கு வயிறு வைத்தால் வேறு என்ன நினைப்பார்கள்?

முதலில் வாய் திறந்தவள் ரூத் அக்கா. என்னை இந்தச் சபைக்குக் கைபிடித்துக் கூட்டிவந்தவள் அவள்தான். புதன்கிழமை மத்தியானப் பெண்கள் ஜெபத்துக்கு நான் போகும்போதெல்லாம், "நீ நிம்மதியா போய் ஜெபம் பண்ணு எஸ்தரு, களத்த நான் பாத்துக்கிறேன்" என்று எனக்காக வெயிலில் உட்காருவாள். கூடப்பிறந்தவளைக்கூட நான் அப்படி நம்பினதில்லை.

"ஒன் நாய் வயித்த பாரு. அத்தினியும் வஞ்சிரம். தின்னு கொழுத்துப் போய் கீது" என்றாள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "எஸ்தர், காவலுக்கு வச்ச நாயே திங்குதுன்னா நான் எங்க போய்ச் சொல்ல? சனிக்கிழமை கார்ப்பரேஷன் நாய் வண்டி வரும். நீயே பிடிச்சுக் குடுத்திரு. இல்லன்னா நீயும் வேலைக்கு வர வேண்டாம்."

நாய் வண்டியில் ஏறின நாய் திரும்பி வந்ததில்லை. அன்று நான் டைகரைத் துடைப்பத்தால் அடித்தேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். எனக்கு நாய் மேல்தான் ஆத்திரம். என் சோற்றைத் தின்றுவிட்டு எனக்கே துரோகம் செய்துவிட்டதே என்று.

ரூத் அக்கா வழி சொன்னாள். "மூணு நாள் உபவாசம் இருந்து ஜெபிப்போம். அதோட திருட்டுப் புத்திய கர்த்தர் மாத்துவாரு." டைகர் தலையில் கை வைத்து உருக்கமாக ஜெபித்தாள். கண்ணீர்கூட வந்தது அவளுக்கு. டைகர் அந்தக் கையை நக்கியது.

திங்கட்கிழமை காலையில் உபவாசத்தை ஆரம்பித்தேன். நான் மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. பாவம் செய்தது நாய்தானே, அதுவும் இருக்கட்டும் என்று, டைகரை வீட்டுக்குள் கட்டிப்போட்டுத் தண்ணீர் மட்டும் வைத்தேன். வயிறு வற்றிவிட்டால் முதலாளியிடம் காட்டலாம் என்றும் ஒரு கணக்கு. "ஆண்டவரே, இதன் திருட்டை எடுத்துப்போடும், என் டைகர் உயிரைக் காப்பாற்றும்" என்று முழங்கால் தேய ஜெபித்தேன்.

புதன்கிழமை மத்தியானம் ஜெபத்துக்குக் கிளம்பும்போது டைகரைப் பார்த்தேன். வாலாட்டிக்கொண்டு எழுந்தது, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. நாக்கு நீலம் பூத்திருந்தது. வயிற்றைத் தொட்டேன். ஞாயிற்றுக்கிழமை இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது. மூன்று நாளாக ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. அப்படியானால் இதற்குள் இருப்பது என்ன? 

ஜெபத்துக்குப் போகவில்லை. டைகரை வைத்தியரிடம் கொண்டுபோக, களத்துத் தள்ளுவண்டியைக் கேட்கலாம் என்று ஓடினேன். அங்கே ரூத் அக்கா குனிந்து, வஞ்சிரத்தை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கூடையில் அடுக்கி, மேலே ஈரத்துணியைப் போட்டு மூடிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமைதோறும் அவள் என்னை ஏன் ஜெபத்துக்கு அனுப்பினாள் என்று அந்த நிமிஷம்தான் என் மண்டையில் ஏறியது.

"இன்னாக்கா இது?" என்றேன்.

அவள் பதறவேயில்லை. "வாயில்லா ஜீவன் மேல பழி போட்டா இன்னா எஸ்தரு? அது இன்னா கோர்ட்டுக்கா போவப்போவுது?" என்றாள்.

நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். டைகரை ஏற்றிக்கொண்டு வேப்பேரிப் பக்கம் ஒரு மிருக வைத்தியரிடம் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அவர் டைகரின் மார்பில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"இருதயம் வீங்கிப் போயிருக்கும்மா. கொசு கடிச்சு, அது மூலமா புழு இருதயத்துக்குள்ள போயிடும். ரத்தத்தத் தள்ள முடியாம வயித்துல நீர் கட்டியிருக்கு. என்ன சாப்பிடக் குடுக்கிறீங்க?"

"கஞ்சியும் கருவாட்டுத் தலையும் சார்."

"உப்பு கூடவே கூடாது. அது நீரை இன்னும் ஏத்தும்."

வயிற்றில் ஊசி குத்திக் குழாய் வழியாக நீரை இறக்கினார். முக்கால் வாளி வந்தது. வெறும் தண்ணீர். அதில் ஒரு மீன்முள்கூட இல்லை. அந்த வாளிப் பக்கத்திலேயே உட்கார்ந்து நான் ஓவென்று அழுதேன். டைகர் திருடவில்லை. திருடாத நாயை அடித்தேன், பட்டினி போட்டேன், அதன் பாவத்துக்காக மூன்று நாள் ஜெபமும் செய்தேன்.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரூத் அக்காவைக் களத்துக்குள் வரவேண்டாம் என்றார். நாய் வண்டிப் பேச்சை அதோடு விட்டுவிட்டார். டைகரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாத்திரையும் ஊசியும் உப்பில்லாக் கஞ்சியுமாக டைகர் தேறியது. இருமல் குறைந்தது. பழையபடி ஓட முடியாவிட்டாலும், உட்கார்ந்த இடத்திலிருந்தே காக்கைகளை மிரட்டும். ஒன்றரை வருஷம் என்னோடு இருந்து, என் மடியில்தான் போய்ச் சேர்ந்தது. அந்த ஒன்றரை வருஷமும், தட்டு வைத்தால் உடனே வாய் வைக்காது. முதலில் என் முகத்தைப் பார்க்கும். சாப்பிடலாமா என்று கேட்கும். நான் தலையைத் தடவி "தின்னுடா" என்றால்தான் குனியும். 

ரூத் அக்காவை மன்னித்துவிட்டாயா என்று நம் சபைப் போதகர் ஐயர் கேட்டார். இன்னும் இல்லை. பொய் சொல்ல நான் இங்கே எழுந்து நிற்கவில்லை. அவள் முகம் ஞாபகம் வந்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. உடனே துடைப்பத்தோடு நின்ற என் முகமும் ஞாபகம் வருகிறது. டைகருக்குத் துரோகம் செய்தவர்கள் இரண்டு பேர். அதில் அது நம்பியிருந்தது என்னை.

நான் கேட்டது ஒன்று, கர்த்தர் தந்தது வேறு. திருட்டை எடுத்துப்போடும் என்று கேட்டேன். திருடியது யார் என்று காட்டினார். உயிரைக் கேட்டேன், ஒன்றரை வருஷம் கொடுத்தார். அவருக்கு ஸ்தோத்திரம். உங்கள் வீட்டிலும் வாய்திறந்து சொல்ல முடியாத ஒருவர் மேல் பழி விழுந்திருந்தால், கர்த்தரிடமே கேளுங்கள். நிச்சயம் காட்டுவார். ஆனால் உபவாசம் நீங்கள் மட்டும் இருங்கள்.